நடுப்பகுதி

தெஹிவளை
2024 மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

தனு எழுதுகிறேன். போனில் சொல்லத்தான் நினைத்தேன். எடுத்த ஒவ்வொரு முறையும் நான் ஒன்று கேட்க நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொன்னீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு இருந்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது, பதில் எழுதித்தான் ஆக வேண்டும். அதனால் கடிதம்.

காது டாக்டரிடம் இன்னும் போகவில்லை என்று அம்மா சொன்னார். அதற்கான சண்டையைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. இங்கே ஒரு கலை விழாக் குழு இருக்கிறது. இந்த வருடம் கொழும்பை விட்டு வெளியே நிகழ்ச்சிகள் வைக்கப்போகிறார்கள். என் இசையைக் கேட்டுவிட்டு, உன் ஊரில் ஓர் இடம் காட்டு என்றார்கள். நம் டவுனுக்கு மேலே மூடிக்கிடக்கிறதே தோட்டத்து ஸ்டோர், அதைக் காட்டினேன். தேயிலை மெஷின்களை எல்லாம் கழற்றிக்கொண்டு போன பிறகு வெறுமையாகக் கிடக்கும் தொழிற்சாலைக் கட்டிடம். கொழுந்து வாட்டிய மேல்மாடியைப் பார்த்ததும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஜூலையில் நிகழ்ச்சி. நன்றாக அமைந்தால் நவம்பரில் அதையே கொழும்பில் பெரிய அரங்கில் வைப்பார்கள். வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் பார்க்க வருவார்கள். எனக்கு இப்போதைக்கு இது ஒன்றுதான் வழி அப்பா. இந்தப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மேசையைத் தட்டித் தாளம் சொல்லிக்கொடுத்தபடியே கிழவியாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நான் செய்வது என்ன இசை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் எரிச்சலோடு ஏதோ சொல்லி வைத்திருக்கிறேன். இன்று ஒழுங்காகச் சொல்கிறேன். எலெக்ட்ரோ அகூஸ்டிக் என்பார்கள். நான் மின்னொலி இசை என்று சொல்லிக்கொள்கிறேன். பாடகர் கிடையாது, வாத்தியம் கிடையாது. நம்மைச் சுற்றி இருக்கிற சத்தங்களைப் பதிந்து, கணினியில் நீட்டி, நறுக்கி, கலந்து, கூடத்தைச் சுற்றி வைத்த ஸ்பீக்கர்களில் நடமாட விடுவது. மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கும் பம்பு, வளைவில் உறுமிக்கொண்டு ஏறும் பஸ், தகரத்தில் மழை, காய்ந்த தேயிலை விரலில் நொறுங்குவது, இந்த முறை இவைதான் என் வாத்தியங்கள். என்னோடு படித்த நூரியா, எம்பிலிப்பிட்டியப் பிள்ளை, சத்தம் போகப் போகக் கண்ணாடித் தட்டில் தேயிலைச் சாயத்தால் வரைவாள். விளக்கு அதைப் பெரிய வெள்ளைத் துணியில் காட்டும். அவள் கை என் சத்தத்தைக் கேட்டு நகரும், நான் அவள் கையைப் பார்த்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பேன்.

ஸ்பீக்கர் எல்லாம் கொழும்பிலிருந்து லொறியில் வரும். நீங்கள் எதற்கும் அலைய வேண்டாம். எங்கள் இருவருக்கும் தங்க இடமும் அம்மா கைச் சாப்பாடும் போதும்.

இனி சண்டை. தயவுசெய்து காதைக் காட்டுங்கள்.

அன்பு மகள்
தனு


றக்வான
2024 மார்ச் 15

அன்பு மகள் தனுஷிகாவுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். மழையும் சுகம், விடாமல் பெய்கிறது. உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிழவியாகிவிடுவேன் என்று எழுதிய இடத்தில், "அப்ப நான் யாராம்" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காது பேச்சை எடுக்காதே. இத்தனை வருடம் ஹோர்ன் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் காது கொஞ்சம் இரையத்தான் செய்யும். இதை வெளியில் யாரிடமும் சொல்லிவிடாதே. யோகராஜுக்குக் காது மந்தம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அடுத்த திருவிழாவுக்கு எம்பிலிப்பிட்டியவிலிருந்து வேறு செட் வந்து இறங்கிவிடும். சவுண்ட்காரனுக்குக் காதுதானே சோறு போடுகிறது.

இனி உன் விஷயம். கொழும்பிலிருந்து ஸ்பீக்கர் வருகிறதா? இந்த ரோட்டில், லொறியில்? பஜாரில் யோகராஜ் சவுண்ட்ஸ் என்று போர்டு தொங்குகிறது. இந்த வட்டாரத்தில் கோயில், கல்யாணம், சாவு, தேர்தல் என்று எதுவும் என் செட் இல்லாமல் நடந்ததில்லை. என் மகள் வைக்கிற நிகழ்ச்சிக்கு வெளியூர் செட் வந்து இறங்குமாம், நான் கீழே கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டுமாம். கோயில் கமிட்டித் தலைவர் நல்லையா அண்ணன் வந்து, "என்ன யோகு, ஒம் மகளுக்கே ஒஞ் செட்டு ஆகலையா" என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன்? நீ கொழும்பில் இருந்துவிடுவாய். பதில் சொல்லப்போகிறவன் நான்.

பம்பையும் பஸ்ஸையும் கேட்கச் சனம் ஏன் மலை ஏறி வர வேண்டும், பஸ் ஸ்டாண்டில் நின்றாலே போதுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்பீக்கரில் இரைச்சல் வரக் கூடாது என்று ஆயுசு முழுக்க ஓடித் திரிந்தவன் நான். நீ இரைச்சலைத் தேடிப் பிடித்து ஸ்பீக்கரில் விடுகிறாய். உன்னைப் படிக்க அனுப்பியது நான்தான், யாரைக் குறை சொல்ல.

இருந்தாலும் சொல்கிறேன். என் செட் போகும், இல்லையென்றால் நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். யோசித்து எழுது.

அப்பா


தெஹிவளை
2024 ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

எட்டிப் பார்க்க மாட்டேன் என்று எழுதிய கடிதத்தை நான்கு நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உங்கள் பிடிவாதத்தோடு மோதி நான் என்றைக்கு ஜெயித்தேன்? விழாக் குழுவிடம் சொல்லிவிட்டேன், உங்கள் ஹோர்ன்கள்தான். அவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி.

உங்களை அவமதிக்கக் கொழும்பு ஸ்பீக்கரைக் கேட்கவில்லை அப்பா. ஹோர்ன் எதைப் போட்டாலும் மூக்கால் பேசும். யோசித்துப் பார்த்தபோது பம்புக்கும் பஸ்ஸுக்கும் அந்த மூக்குக் குரல் பொருந்தும் என்று எனக்கே தோன்றிவிட்டது. ஆகவே முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் உங்கள் ஹோர்ன்களில்.

நடுப்பகுதி மட்டும் வேறு. தயவுசெய்து இதை இரண்டு முறை வாசியுங்கள். நடுப்பகுதியில் ஹோர்ன்கள் எல்லாம் ஓய்ந்துவிடும். தேநீர்க் கோப்பை அளவு சின்ன ஸ்பீக்கர்கள் சிலவற்றை நான் கொண்டுவந்து கூரைக் கம்பிகளில் தொங்கவிடுவேன். அவற்றில் மட்டும் காய்ந்த தேயிலை நொறுங்கும் சத்தம் வரும். மெல்லிய சத்தம், மிக உயர்ந்த சுருதி. காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். நூரியாவும் கையை எடுத்துவிடுவாள். கண்ணாடியில் சாயம் தானாகக் காய்ந்து விளிம்பு கறுப்பதை மட்டும் சனம் துணியில் பார்க்கும். எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் அதிகம் உழைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் இதற்கு வாசலும் கொல்லையும் மாதிரி.

ஒரே ஒரு நிபந்தனை. தொடங்கிய பிறகு, விளக்கு போடும் வரை, நீங்கள் எதையும் தொடக் கூடாது. நின்றுவிட்டது போல இருந்தாலும் தொடக் கூடாது. உங்கள் பிடிவாதத்துக்கு நான் இறங்கி வந்தேன் அல்லவா, இதற்கு நீங்கள் இறங்கி வாருங்கள். எழுதித் தாருங்கள்.

தனு


றக்வான
2024 ஜூன் 28

அன்பு மகளுக்கு,

தொட மாட்டேன். எழுதித் தந்துவிட்டேன். பெற்ற தகப்பனிடம் எழுத்தில் கேட்கிற முதல் பிள்ளை நீதான், கோபம் இருக்கட்டும்.

ஸ்டோரில் வேலை முக்கால்வாசி முடிந்தது. மேல்மாடிக்கு ஹோர்ன் ஏற்ற ஏணி போதவில்லை, தோட்டத்தில் ஒரு மூங்கில் ஏணி வாங்கினோம். குளவிக்கூடு ஒன்று இருந்தது, புகை போட்டுக் கலைத்தோம். கரண்ட் எடுக்கத் தோட்டத்து மனேஜர் தொரையிடம் போய் நின்றேன். நல்ல மனுசன்தான், ஆனால் உட்கார் என்று சொல்லத் தெரியாது. இது என்ன சங்கீதம் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்ல. "துவகே வெடக் சேர்" என்றேன், மகளின் வேலை என்று. சரி சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதலில் பலத்த இரைச்சல் இருந்தது. மண்ணில் கம்பி அடித்து எர்த் கொடுத்து எடுத்துவிட்டேன். எதையாவது வேண்டுமென்று விட்டுவைத்திருக்கிறாயோ என்று பயந்து நூரியாவிடம் கேட்டேன். இல்லை அங்கிள், எடுங்கள் என்றாள். நல்ல பிள்ளை. போன கிழமை வந்து இரண்டு நாள் நின்றாள். அம்மா மரக்கறி மட்டும் சமைத்தாள், அவள் இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டாள். நீ அப்படிக் கேட்டுச் சாப்பிட்டு எத்தனை காலம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீ அனுப்பிய சின்ன ஸ்பீக்கர்களைக் கூரையில் தொங்கவிட்டாயிற்று. உன் தேயிலைச் சத்தத்தைப் போட்டுச் சோதித்தோம். எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்தேன், துடித்தது. அது போதும். வேலை செய்கிறது.

நல்லையா அண்ணனைக் கமிட்டியோடு வரச் சொல்லியிருக்கிறேன். தோட்டத்து லயங்களில் இருக்கிற சனமும் வரும். நீ நேரத்தோடு வா. சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்.

அப்பா


தெஹிவளை
2024 ஜூலை 16

அப்பாவுக்கு,

சாப்பிடாமல் கிளம்பி வந்ததற்கு அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்களிடம் கேட்கவில்லை.

என்ன செய்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நான் எழுதுகிறேன், உட்கார்ந்து வாசியுங்கள்.

கூடம் நிறைந்திருந்தது. லயத்துச் சனம், பஜார் சனம், கொழும்பு ஆட்கள் எல்லாரும் ஒரே பாயில். பஸ் சத்தம் கூடத்தைச் சுற்றி ஏறி வந்தபோது பிள்ளைகள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. யாரோ ஒரு அக்கா, "இது அஞ்சரை பஸ்ஸு" என்று சத்தமாகச் சொன்னார். அந்த நேரம் உங்கள் ஹோர்ன்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஹோர்ன்கள் ஓய்ந்தன. நடுப்பகுதி தொடங்கியது. அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள். மடியில் இருந்த குழந்தைகூட மேலே பார்த்துக்கொண்டிருந்தது. நூரியா கையை எடுத்தாள். துணியில் சாயம் காயத் தொடங்கியது. என் இசையை ஒரு கூட்டம் இப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை அப்பா.

அந்த நேரம் பார்த்து நீங்கள் டார்ச்சை அடித்துக்கொண்டு சனத்துக்குள்ளே காலை வைத்து வந்தீர்கள். என் வயரைப் பிடுங்கினீர்கள். ஹோர்ன்கள் அத்தனையிலும் முழுச் சத்தத்தில் பிள்ளையார் பாட்டைப் போட்டீர்கள். துணி முழுக்க உங்கள் நிழல். போதாததற்கு மைக்கை எடுத்து, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்றீர்கள்.

சனம் கைதட்டியது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. திரும்பத் தொடங்க என்னால் முடியவில்லை. எப்படி முடியும்?

தொட மாட்டேன் என்று எழுதித் தந்தீர்கள். என் இசையை நீங்கள் ஒரு நாளும் மதித்ததில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் ஊரைக் கூட்டி வைத்து, வேண்டுமென்றே நிறுத்துவீர்கள் என்று நினைக்கவில்லை.

தனுஷிகா


றக்வான
2024 ஜூலை 24

தனுஷிகாவுக்கு,

வேண்டுமென்றே என்று எழுதியிருக்கிறாய். மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறேன், அதை மட்டும் திருப்பி எடு. என் தொழிலில் பகையாளி வீட்டு விசேஷத்தில்கூட நான் சத்தத்தைக் கெடுத்ததில்லை.

நடந்ததை நானும் எழுதுகிறேன். ஹோர்ன்கள் ஓயும் என்று எனக்குத் தெரியும். உன் கடிதத்தை இரண்டு முறை அல்ல, மனப்பாடமாகும் வரை வாசித்தவன் நான். ஹோர்ன்கள் ஓய்ந்தன. சின்னது பேசும் என்று காத்திருந்தேன். பேசவில்லை. இன்னும் காத்திருந்தேன். நீ அந்தக் கோடியில் இருட்டில் குனிந்திருந்தாய், நான் இந்தக் கோடியில் அம்ப்ளிஃபையரோடு இருந்தேன். கூட்டத்தைப் பார்த்தேன். சனத்தை எனக்குத் தெரியும். சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் சனம் பேசும், பிள்ளையை அதட்டும், வெற்றிலை கேட்கும். சத்தம் செத்தால்தான் இப்படி வாயடைத்து இருக்கும். ஒருவர் அசையவில்லை. நல்லையா அண்ணன் தலையைத் தூக்கி முகட்டைப் பார்த்தார். சரி, வயர் போய்விட்டது, பிள்ளைக்குத் தெரியவில்லை, எல்லாருக்கும் முன்னால் அவள் நிகழ்ச்சி செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். எழுதித் தந்தது நினைவில் இருந்தது. அதையும் மிதித்துக்கொண்டு ஓடி வந்தேன். செட் செத்தால் சாமி பாட்டைப் போட்டு, வருந்துகிறோம் என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் நான் இத்தனை காலம் செய்தேன். அதைத்தான் அன்றும் செய்தேன்.

பாட்டு போன பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை தனு. துளிகூடக் கேட்கவில்லை. சோதித்த அன்றைக்கும் கேட்கவில்லை. விரலை வைத்துப் பார்த்து ஒப்பேற்றினேன். அதை முன்பே சொல்லியிருந்தால் கொழும்பு செட் வந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை.

இப்போது எழுதிவிட்டேன். ஊருக்குச் சொல்லாதே. எனக்கு நீ பதில் எழுத வேண்டும் என்பதும் இல்லை.

யோகராஜ்


தெஹிவளை
2024 ஆகஸ்ட் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

வேண்டுமென்றே என்று எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அதை எழுதிய அன்றே பாதி மனது அப்படி இல்லை என்று சொன்னது. கேட்காமல் எழுதினேன்.

இதுவரை எழுதாமல் இருந்தது கோபத்தால் மட்டும் இல்லை. ஒரு விஷயத்தை உங்களிடம் கேட்க வேண்டும். கேட்கக் கூடாத விஷயம். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை கிழிக்காமல் அனுப்பப்போகிறேன்.

விழாக் குழுவில் சமன்மாலி என்று ஒருவர் இருக்கிறார், அவர்தான் எல்லாவற்றையும் தீர்மானிப்பவர். நிகழ்ச்சி கெட்டுப்போனதற்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். கெட்டுப்போனதா, அதுதான் அன்றைக்கு நடந்ததிலேயே அருமையானது என்றார். மெல்லிய சத்தத்தைக் காப்பாற்ற ஒருவர் டார்ச்சோடு ஓடி வருகிறார், அதைக் கொன்றுவிடுகிறார், மன்னிப்பும் கேட்கிறார், துணியில் அவர் நிழல் விழுகிறது, இதை நீங்கள் திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எட்டு மாதம் நான் இழைத்து இழைத்துச் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முழுதாக ஒரு முறை போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார்.

நவம்பரில் கொழும்பில் வைக்கிறார்கள். ஆனால் நீங்கள் வந்து அதையே செய்ய வேண்டுமாம். நடுப்பகுதியில் டார்ச்சோடு வந்து வயரைப் பிடுங்கி, பாட்டைப் போட்டு, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று சொல்ல வேண்டும். நீங்கள் இல்லையென்றால் அழைப்பும் இல்லை.

நூரியா என்னோடு சண்டை பிடித்தாள். "அங்கிள வச்சி வேடிக்க காட்டப் போறியா" என்று கேட்டாள். அவளுக்கு வீட்டில் கடை இருக்கிறது, என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று நானும் ஏதோ சொல்லிவிட்டேன். இப்போது அவளும் பேசுவதில்லை.

இந்த வாய்ப்புப் போனால் எனக்கு அடுத்தது எப்போது வரும் என்று தெரியவில்லை அப்பா. கேட்கிறேன். வருவீர்களா?

தனு


றக்வான
2024 செப்டெம்பர் 15

அன்பு மகள் தனுவுக்கு அப்பா எழுதுவது.

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. அம்மா என்னை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். நான் கையைத் தூக்காமல் நெடுநேரம் இருந்தேன். வெளியே இருந்த நர்ஸ் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தது. அதன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்போது காதுக்கு மெஷின் வந்திருக்கிறது. வீட்டில் போட்டுக்கொள்கிறேன். கடையில் கழற்றிவிடுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில், வருகிறேன். உன் வாழ்க்கை அதில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு மேல் எனக்கு என்ன பேச்சு இருக்கிறது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அதை விடு.

சில விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று போட்டிருந்த சட்டையைத்தான் போட வேண்டுமா? அம்மா அதைத் துவைத்து வைத்திருக்கிறாள். ஓடி வர வேண்டுமா, நடந்து வர வேண்டுமா? அன்று எப்படி வந்தேன் என்று எனக்கே நினைவில்லை. கொழும்புச் சனம் சிரிப்பார்களா? சிரிப்பார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடு, எனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இன்னுமொன்று. பாதுகாப்புக்கு என்று நீ தந்து வைத்த பென் டிரைவ் அம்ப் பெட்டியில் இருந்தது. மெஷினைக் காதில் வைத்துக்கொண்டு, உன் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி, நடுப்பகுதியைப் போட்டேன். கேட்கிறது தனு. முழுக்கக் கேட்கிறது. அதனால்தான் இதைக் கேட்கிறேன். நவம்பரில் நான் அதைக் கேட்டுக்கொண்டே வந்து வயரைப் பிடுங்க வேண்டுமா, இல்லை, மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு வரவா? எது உனக்குச் சரியாக இருக்கும் என்று எழுது. அப்படியே செய்கிறேன்.

அப்பா


தெஹிவளை
2024 செப்டெம்பர் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வர வேண்டாம். உங்கள் கடிதம் வந்த அன்றே சமன்மாலியிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை. வேறு யாரையாவது அப்பாவாக நடிக்க வைக்கலாமா என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். நவம்பர் நிகழ்ச்சி போய்விட்டது.

பெரிய மனதோடு விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைக்காதீர்கள். இரண்டு நாள் அழுதேன். இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. உங்கள் மேல், சமன்மாலி மேல், காது கேட்காததைச் சொல்லாமல் விரலை வைத்துப் பார்த்த உங்கள் வீம்பு மேல், உங்கள் செட்டுக்குச் சரியென்று சொன்ன என் மேல். உங்களை வரச் சொல்லி நான் எழுதிய கடிதத்தின் மேல்தான் அதிகம். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். நூரியாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், திட்டிவிட்டுத் தேநீர் ஊற்றினாள்.

சட்டையைப் பற்றி நீங்கள் கேட்டிருந்த இடத்தைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. மறுநாள்தான் மிச்சத்தை வாசித்தேன். நடுப்பகுதி முழுக்கக் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி இருந்தது என்று எழுதவில்லை. அன்று ஸ்டோரில் அதில் பாதிதான் ஓடியது. முழுதாகக் கேட்டவர்கள் நூரியாவும் நீங்களும்தான். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள். யாராவது ஒருவர் எனக்கு அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும்.

தனு


றக்வான
2024 ஒக்டோபர் 6

அன்பு மகள் தனுவுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அம்மா சட்டையைக் கரித்துணிக்கு எடுத்துக்கொண்டாள்.

நடுப்பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்லிப் பட்டது போதும், உள்ளதை எழுதுகிறேன். கீழே கடையில் வைத்துப் பல நாள் போட்டுக் கேட்டேன். பல் கூசுகிறது. தொடக்கத்தில் தேயிலை என்று விளங்குகிறது, பிறகு என்னவோ ஆகிவிடுகிறது, பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை. முடிகிற இடம் முடிவு மாதிரியே இல்லை. யாரோ எழுந்து போன மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த இடம் வந்ததும் நான் மெஷினுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு இன்னும் இருக்கிறதா என்று காதைக் கொடுத்தேன், அது ஏன் என்று தெரியவில்லை. இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத பாட்டு எத்தனையோ போட்டிருக்கிறேன். ஒன்றையும் பாதியில் நிறுத்தியதில்லை. உன்னுடையதைத்தான் நிறுத்தியிருக்கிறேன். அது எனக்கு ஆறாது.

வியாழக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு இருந்தபோது நல்லையா அண்ணன் கடைக்கு வந்தார். தைப்பூசத்துக்கு செட் பேச வந்தவர். வாசலில் நின்று என் காதையே பார்த்தார். கழற்ற மறந்துவிட்டேன். "காதுல என்ன யோகு" என்று கேட்டார். "மிசினுண்ணே, எனக்குக் காது கேக்காது" என்றேன். அவர் ஏதோ பேச வாயைத் திறந்தார். "இது மகளோடது, ஓடிக்கிட்டு இருக்கு. முடியட்டும், பேசுவோம்" என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கமிட்டித் தலைவரை நான் காக்க வைத்தது இதுதான் முதல் தடவை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, முகட்டைப் பார்த்தபடி கடைசி வரை இருந்தார்.

முடிந்த பிறகுதான் திருவிழாவைப் பற்றிப் பேசினோம். செட் இந்த முறை நம்முடையதா என்று கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா